காங் மின்-ஹோ: ஒரு கேட்சரின் முழங்காலுக்கு நான்கு விலைகள்

750, 800, 360, 200. எல்லாம் கோடி வோன். 2013, 2017, 2021, 2025 ஆகிய ஆண்டுகளின் முடிவில் காங் மின்-ஹோ எஃப்.ஏ. (எந்த அணியோடும் பேரம் பேசும் உரிமையுள்ள ஆட்டக்காரர்) ஆனபோது கையெழுத்தான தொகைகள் இவை. முதல் மூன்றும் நான்காண்டு ஒப்பந்தங்கள், கடைசியது இரண்டாண்டு. கொரியாவின் கே.பி.ஓ. பேஸ்பால் லீக்கில் ஒருமுறை எஃப்.ஏ. ஆனவர் மறுபடி ஆக இன்னும் நான்கு சீசன் ஆட வேண்டும். அந்தக் கணக்கில் நான்காவது எஃப்.ஏ. ஒப்பந்தம் வரை ஓடியவர் லீக் வரலாற்றில் இவர் ஒருவர்தான். எங்கோ எல்லைப்பக்கம் நிற்கும் அவுட்ஃபீல்டர் இதைச் செய்திருந்தால் அவ்வளவு வியப்பில்லை. செய்தது குந்தி உட்கார்ந்தே பிழைக்கும் ஒரு கேட்சர்.

கேட்சரை 'பேஸ்பாலின் விக்கெட் கீப்பர்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பாதிதான் சரி. கீப்பர், பந்துவீச்சாளர் என்ன போடப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்சர் என்ன போட வேண்டும் என்று சொல்கிறார். ஒன்பது இன்னிங்ஸில் ஓர் அணியின் பிட்சர்கள் சேர்ந்து சுமார் 150 பந்து எறிவார்கள். ஒவ்வொன்றுக்கும் கேட்சர் ஒருமுறை குந்த வேண்டும், பந்தைத் திருப்பி எறிய எழ வேண்டும். நூறு ஆட்டம் ஆடினால் 15,000 குந்தல். பயிற்சியில் குந்துவது, மாற்று பிட்சர் வந்து பழகும்போது குந்துவது எல்லாம் இதில் சேரவில்லை. இதைச் செய்துகொண்டே தன் முறை வரும்போது பேட்டும் பிடிக்க வேண்டும்.

காங் 1985 ஆகஸ்ட் 18 அன்று ஜெஜு தீவில் பிறந்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு போஹாங்கில், இரும்பாலை ஊர். புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2004 டிராஃப்டில் லோட்டே ஜயன்ட்ஸ் அவரை இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் சுற்றில், 17ஆவது ஆளாக எடுத்தது. பெரிய எதிர்பார்ப்புக்குரிய இடம் இல்லை அது. புசானின் சாஜிக் மைதானத்தில் 2005இலேயே முதன்மைக் கேட்சர் பணி அவர் கைக்கு வந்துவிட்டது. 2006இல் அணியின் 126 ஆட்டங்களிலும் இறங்கினார், ஒன்றுகூட விடாமல். அப்போது வயது 20, சீசன் நடுவில் 21. ஒரு கேட்சரை இப்படி ஓட்டுவதை இன்றைக்கு எந்தப் பயிற்சியாளரும் நினைத்துப் பார்க்க மாட்டார். வாரத்துக்கு ஆறு ஆட்டம், திங்கள் மட்டும் ஓய்வு என்பதுதான் கே.பி.ஓ. அட்டவணை. இப்போதெல்லாம் அந்த ஆறில் ஒன்றோ இரண்டோ மாற்றுக் கேட்சருக்குப் போகும், இல்லாவிட்டால் முதன்மைக் கேட்சர் டி.எச். ஆகப் பேட் மட்டும் பிடிப்பார்.

அவர் பெயரை நாடே அறிந்தது 2008 ஆகஸ்ட் 23 அன்று, பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில். அதுவும் மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டதால். கியூபாவுக்கு எதிராகக் கொரியா 3-2 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதி, ரியூ ஹியோன்-ஜின் பந்து எறிகிறார். ஒருவர் அவுட். ஓரத்தை உரசி வந்த பந்துகளையெல்லாம் அம்பயர் 'பால்' (எல்லைக்கு வெளியே வந்த பந்து) என்றே சொல்ல, இரண்டு பேட்டர்கள் அடிக்காமலேயே அடுத்தடுத்து முதல் பேஸுக்கு நடந்து போய் மூன்று பேஸும் நிறைந்துவிட்டன. 'லோ பால்?' என்று, அதாவது தாழ்வாக வந்ததா என்று கேட்டதாகக் காங் பின்னாளில் சொன்னார். அம்பயர் காதில் அது 'நோ பால்' என்று விழுந்ததாம். வெளியேறு என்றார். காங் போகிற போக்கில் கையுறையை வீசியடித்த காட்சி கொரியாவில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உள்ளே வந்தவர் ஜின் கப்-யோங், தொடைத்தசையில் காயத்தோடு உட்கார்ந்திருந்த மூத்த கேட்சர். பிட்சரும் மாறினார்: கை கிட்டத்தட்டத் தரையை உரச, அடியிலிருந்து எறியும் ஜோங் தே-ஹியோன். கியூபாவின் குரியெல் அடித்த பந்து, இரண்டாவது மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட் ஸ்டாப்பிடம் உருண்டது. இரண்டு பேர் அவுட், தங்கம். மூன்று பேஸும் நிறைந்த நிலையில் கேட்சர் பந்தைத் தவறவிட்டால் ஒரு ஓட்டம் அப்படியே உள்ளே வந்துவிடும். தாழ்ந்து அமுங்கும் பந்தை எறிகிறவரை, எந்தச் சூடேற்றமும் இல்லாமல் வந்த, நடக்கவே சிரமப்பட்ட ஒருவர் பிடித்தார். அந்த இன்னிங்ஸின் இந்தப் பாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை.

அந்தத் தங்கத்தின் உண்மையான மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஒலிம்பிக் பதக்கம் கட்டாய ராணுவப் பணியிலிருந்து விலக்குத் தரும். சில வாரம் அடிப்படைப் பயிற்சி முடித்தால் போதும், தொழிலைத் தொடரலாம். காங்குக்கு அப்போது 23. அவருக்குப் போட்டியாகப் பின்னர் வளர்ந்த கேட்சர் யாங் உய்-ஜி 2008, 2009 இரண்டு சீசன்களையும் அந்தக் கட்டாயப் பணிக்காகக் காவல்துறை அணியில் கழித்துவிட்டு 2010இல் டூசான் பேர்ஸுக்குத் திரும்பி, 20 ஹோம் ரன்னோடு (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) சிறந்த புதுமுகம் ஆனார். காங்கின் ஆட்ட எண்ணிக்கை மலைபோல் ஏறியதற்கு அந்த இரண்டு வருடமும் ஒரு காரணம். இதைச் சொல்லாமல் சாதனைப் பட்டியல் போடுவது நியாயமில்லை.

2013 சீசனில் காங்கின் பேட்டிங் சராசரி (பேட் பிடித்த முறைகளில் ஹிட் விழுந்த விகிதம்) 0.235, ஹோம் ரன் 11. சுமாருக்கும் கீழே. அப்படியும் அந்த நவம்பரில் லோட்டே 750 கோடி கொடுத்தது. அன்றைக்குக் கே.பி.ஓ.வில் எந்த ஆட்டக்காரருக்கும் கிடைத்திராத தொகை. மறு வருடம் சராசரி 0.229க்கு இறங்கியபோது புசான் ரசிகர்கள் விட்டுவைக்கவில்லை. 2015இல் 0.311, 35 ஹோம் ரன். வாய்கள் மூடின.

பேட் ஓடாத வருடத்திலும் ஏன் அந்த விலை? விடை 2017க்குப் பிறகு தெரிந்தது. காங் 800 கோடிக்கு தேகுவிலுள்ள சாம்சங் லயன்ஸுக்குப் போனார். விதிப்படி ஈட்டுத்தொகையும் ஓர் ஆட்டக்காரரும் லோட்டேவுக்கு வந்தன. அந்த ஆட்டக்காரர் நா வோன்-தக், இளம் கேட்சர், பின்னாளில் பிட்சராகவே மாறிவிட்டார். 2019இல் லோட்டே கடைசி இடம். அந்த வருடம் அதன் பிட்சர்களின் வைல்ட் பிட்ச் (கேட்சரிடம் சிக்காமல் போய், பேஸில் நிற்பவரை முன்னேற விடும் பந்து) கணக்கு 100ஐத் தாண்டியது. கே.பி.ஓ.வில் அதற்கு முன் எந்த அணியும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

வைல்ட் பிட்ச் என்பது பிட்சர் பெயரில் எழுதப்படும் குற்றம், ஆனால் பாதி வழக்கு கேட்சர் மேல்தான். பிட்சர் வேண்டுமென்றே பந்தைத் தரையில் குத்தி எறிவது உண்டு. ஃபோர்க் பாலும் சேஞ்ச் அப்பும் ஸ்ட்ரைக் (எல்லைக்குள் வரும் பந்து) மாதிரி வந்து கடைசியில் அமுங்கினால்தான் பேட்டர் காற்றைச் சுற்றுவார். அந்தப் பந்தைக் கேட்சர் பிடிக்கவே முயலக் கூடாது, சாகடிக்க வேண்டும். இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும். கையுறை முதலில் கால்களுக்கு நடுவே உள்ள ஓட்டையை அடைக்க வேண்டும். மோவாய் நெஞ்சோடு ஒட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து தொண்டையைப் பதம்பார்க்கும். தோள்களை முன்னால் குவித்து, மார்புக் கவசத்தில் பட்ட பந்து காலடியிலேயே விழும்படி மூச்சை வெளியே விட வேண்டும். உடம்பை விறைப்பாக வைத்தால் பந்து சுவரில் பட்டது போல மூன்று மீட்டர் தெறிக்கும், பேஸில் நிற்பவருக்கு அது போதும்.

வழக்கமாக நடக்கும் தவறு ஒன்றுதான்: பக்கவாட்டில் வரும் பந்துக்கு உடம்பை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டுவது. சோர்ந்த கேட்சர், இளம் கேட்சர், முழங்கால் வலிக்கும் கேட்சர் மூவரும் இதைத்தான் செய்வார்கள். அதன் பின்விளைவு பிட்சரின் மனதில் விழும். மூன்றாவது பேஸில் ஆள் நிற்கும்போது, கேட்சர் மறிப்பார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அவர் ஃபோர்க்கைத் தாழ எறியப் பயந்து சற்று உயரத்தில் விடுவார். உயரத்தில் விட்ட ஃபோர்க் எங்கே போய் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. லோட்டே 2022 நவம்பரில் எல்ஜி ட்வின்ஸிலிருந்து யூ காங்-நம் என்ற கேட்சரை நான்காண்டுக்கு வாங்கியது. விலை 800 கோடி. ஐந்து வருடத்துக்கு முன் சாம்சங் கொடுத்த அதே தொகை!

அடுத்து எறிதல். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் 38.8 மீட்டர். முதல் பேஸிலிருந்து, பந்து அடிக்கப்படும் முன்பே இரண்டாவது பேஸைத் 'திருட'ப் பாயும் நல்ல ஓட்டக்காரர் சுமார் 3.3 விநாடியில் போய்ச் சேர்ந்துவிடுவார். பிட்சர் காலைத் தூக்கியதிலிருந்து பந்து கையுறைக்கு வர 1.3 விநாடி. மீதி 2.0. அந்த இரண்டு விநாடியில் பந்தைக் கையுறையிலிருந்து வலக்கைக்கு மாற்றி, வலது காலை இடது காலின் இடத்துக்குக் கொண்டுவந்து, தோளைத் திருப்பி விட ஏறத்தாழ 0.7 போகும். மிச்சம் பந்தின் பயண நேரம். வயதாகும்போது கை வேகம் குறைவதை விட, கால் மாற்றுவது மந்தமாவதுதான் முதலில் தெரியும். பிட்சர் 1.5 விநாடி எடுத்துக்கொண்டால் உலகின் எந்தக் கேட்சராலும் ஒன்றும் செய்ய முடியாது. திருட்டு விழுக்காட்டைக் கேட்சர் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு 'கை போய்விட்டது' என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2024இல் பேஸ் தட்டுகள் 38.1 சென்டிமீட்டரிலிருந்து 45.72க்குப் பெரிதாகி, முதல் இரண்டு பேஸ்களுக்கு இடையே தூரம் 11 சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கிவிட்டதும் கேட்சருக்கு எதிரான கணக்குதான்.

(ஓட்டக்காரர் காங்கைப் பற்றி ஒன்று மட்டும். 2019இல் பழைய அணியான லோட்டேவுக்கு எதிராக, இரண்டாவது பேஸில் நின்றபடி எதிரணி ஷார்ட் ஸ்டாப்போடு கதை பேசிக்கொண்டிருந்தபோது பந்து வந்து அவுட் ஆனார். ஆட்களைப் பேஸில் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்!)

2021இன் 360 கோடி ஒப்பந்தத்தோடு அவர் கதை முடியும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 36 வயது. அந்த சீசனில் சாம்சங் கே.டி. விஸ் அணியோடு முதலிடத்தைச் சமமாகப் பகிர்ந்து, தனியாக வைத்த ஒரே ஆட்டத்தில் 0-1 என்று தோற்று, பிளே ஆஃபில் டூசானிடம் இரண்டே ஆட்டத்தில் சுருண்டிருந்தது. கொரியன் சீரிஸ் என்ற இறுதித் தொடரில் ஒருமுறைகூடக் கால்வைக்காமல் 18 சீசன் கழிந்திருந்தது.

அதன்பின் ஆட்டமே மாறியது. 2024இல் கே.பி.ஓ. ஸ்ட்ரைக், பால் தீர்ப்பை இயந்திரத்திடம் கொடுத்தது. ஏ.பி.எஸ். என்று பெயர். கேமராக்கள் பந்தைப் பின்தொடரும், தீர்ப்பு அம்பயரின் காதில் ஒலிக்கும், அவர் அதைச் சைகையில் சொல்வார். அகலம், பிளேட்டின் 43.18 சென்டிமீட்டரோடு இருபக்கமும் 2 சேர்த்து 47.18. உயரம், பேட்டரின் உடல் உயரத்தில் மேல்கோடு 56.35 சதவீதம், கீழ்க்கோடு 27.64. 2025இல் இரண்டு கோடும் 0.6 சதவீதப் புள்ளி கீழே இறங்கின. 180 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆளுக்கு அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.

இதில் செத்தது ஃப்ரேமிங். ஓரமாக வந்த பந்தைக் கையுறையின் மணிக்கட்டு அசைவால் உள்ளே இழுத்து, அம்பயரின் கண்ணுக்கு ஸ்ட்ரைக்காகக் காட்டும் கலை அது. அதை வைத்தே பெயரும் சம்பளமும் வாங்கிய கேட்சர்கள் இருந்தார்கள். இன்னொரு விநோதமும் நடந்தது. கேட்சர் வெளிப்பக்கம் கையுறையைக் காட்ட, பிட்சர் தவறி உட்பக்கம் எறிந்தால், கேட்சர் குறுக்கே பாய்ந்து பிடிப்பார். முன்பு அந்தப் பாய்ச்சலைப் பார்த்தே அம்பயர் 'பால்' என்றுவிடுவார். இப்போது பந்து கோட்டைத் தொட்டிருந்தால் ஸ்ட்ரைக், கேட்சர் தரையில் உருண்டாலும் சரி. மேலிருந்து விழும் கர்வ் பந்து பிளேட்டைத் தாண்டும்போது கோட்டுக்குள் இருந்துவிட்டு மண்ணருகே போய்ப் பிடிபடும். அதுவும் ஸ்ட்ரைக். பேட்டர்கள் முகம் சுளிப்பது இதற்குத்தான்.

ஏ.பி.எஸ். மூத்த கேட்சர்களுக்கு நல்லதே செய்தது என்பது என் கணிப்பு. பந்தை அழகாகக் காட்டுவதற்காக ஆழக் குந்தி, கையைத் தரையோடு வைத்துக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. மறிப்பதற்கும் எறிவதற்கும் வசதியான நிலையில் உட்காரலாம். மிஞ்சியிருக்கும் வேலை எந்தப் பந்தைக் கேட்பது என்ற யோசனை. இருபது வருடம் எதிரணிப் பேட்டர்களைப் பின்னாலிருந்து பார்த்தவருக்கு அதில் யாரும் பாடம் எடுக்க முடியாது. 2024 ஜூலையில் பிட்ச்காம் வந்தது. விரல் சைகைக்குப் பதில் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பியிலுள்ள சிறு ஒலிபெருக்கி பந்து வகையைச் சொல்லும். இரண்டாவது பேஸில் எதிரணி ஆள் நிற்கும்போது சைகையைத் திருடிவிடுவாரோ என்று மூன்று நான்கு விரல் சைகைகளைக் கலந்து காட்டும் சுற்று வேலை இல்லை. ஆனால் 2025இல் பிட்ச் கிளாக் முழுதாக நடைமுறைக்கு வந்தது. பந்தை எறிய அந்த வருடம் தந்த நேரம், பேஸ் காலியாக இருந்தால் 20 விநாடி, ஆள் இருந்தால் 25. யோசிக்கிற கேட்சர் இப்போது வேகமாகவும் யோசிக்க வேண்டும்.

அந்த 2024தான் காங்கின் வருடம். மார்ச் 28 அன்று ஜாம்சில் மைதானத்தில் தன் 2,238ஆவது ஆட்டத்தில் இறங்கி, பார்க் யோங்-தேக் வைத்திருந்த 2,237 என்ற லீக் சாதனையைத் தாண்டினார். பார்க் அவுட்ஃபீல்டர், டி.எச். ஆக ஆடியவர். கேட்சர் ஒருவர் அதைத் தாண்டியதில்தான் கனம் இருக்கிறது. ஹோம் ரன் எண்ணிக்கையில் பழைய பெருங்கேட்சர் பார்க் கியோங்-வானின் 314ஐ 2023லேயே கடந்திருந்தார். சீசன் முடிவில் சராசரி 0.303, ஹோம் ரன் 19, வயது 39. தேகு மைதானத்தின் எட்டுக்கோண வடிவத்தால் இடை மூலைகளில் வேலி கிட்டத்தில் இருக்கிறது, அது அவர் பேட்டுக்கு உதவியது என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

அக்டோபர் 19, பிளே ஆஃப் நான்காம் ஆட்டம், மறுபடியும் ஜாம்சில், எதிரே எல்ஜி. சாம்சங் பிட்சர் டெனி ரேயஸ் ஏழு இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் காங் அடித்த ஹோம் ரன்தான் ஆட்டத்தின் ஒரே ஓட்டம். 1-0. 21ஆவது சீசனில், 2,369 லீக் ஆட்டங்களுக்குப் பிறகு, அவருக்கு முதல் கொரியன் சீரிஸ். ஹோம் ரன்னைத்தான் எல்லோரும் பேசினார்கள். ஒன்பது இன்னிங்ஸ் ஓட்டமே விடாத ஆட்டத்தில் ஒவ்வொரு பந்துக்கும் குந்தியிருந்ததும் அதே ஆள்.

தொடரில் கியா டைகர்ஸ் 4-1 என்று வென்றது. நான்காம் ஆட்டத்தில், தேகுவிலேயே, சாம்சங்கை உடைத்தது நான்கு ஓட்டம் தரும் ஒரு கிராண்ட் ஸ்லாம். அடித்தவர் கிம் தே-குன், கியாவின் கேட்சர். 2023 ஜூலை வரை சாம்சங்கில் காங்குக்கு மாற்றாக உட்கார்ந்திருந்தவர்.

டிசம்பரில் கேட்சருக்கான கோல்டன் க்ளவ் காங்குக்கு, ஏழாவது முறை. அதற்கு ஒரு சிறு உதவியும் கிடைத்தது: விருதுக்குத் தகுதி பெற 720 இன்னிங்ஸ் தடுப்பில் நிற்க வேண்டும், யாங் உய்-ஜி அந்த வருடம் அதை எட்டவில்லை. 37 வயது யாங் தொடாத கோட்டை 39 வயதுக்காரர் தாண்டியிருந்தார். யாங் சும்மா இருக்கவில்லை, 2025இல் 0.337 அடித்து பேட்டிங் பட்டத்தை இரண்டாவது முறையாக எடுத்தார். அந்தப் பட்டத்தை இருமுறை வென்ற கேட்சர் வேறு யாரும் இல்லை. பேட்டில் யாங் ஒருபடி மேல் என்பதில் வாதமே வேண்டாம். எத்தனை நாள் குந்தினார் என்று கேட்டால் பட்டியல் தலைகீழாகும்.

2025 டிசம்பரின் கடைசி வாரத்தில் வந்த நான்காவது ஒப்பந்தம் அதிகபட்சம் 200 கோடி. வோன் தே-இன் மாதிரி பிட்சர்களை வளர்த்தெடுத்தவரை வேறு அணிக்கு விட சாம்சங்குக்கு மனமில்லை. அவருக்கும் தேகுவில் ஒரு கணக்குத் தீராமல் இருக்கிறது, சாம்பியன் மோதிரம். ஒப்பந்தம் முடிகிற 2027 சீசனில், ஆகஸ்ட் 18 அன்று, 47ஆம் எண் சட்டைக்காரருக்கு 42 நிறையும்.